கனகமணி சாக மறுத்த ஞாயிற்றுக்கிழமை

பாட்டு நாடகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் தொழில் ரகசியம் எதுவும் இல்லை. ராகத்தைப் பற்றி ஆர்மோனியக்காரரிடம் கேளுங்கள். ஒப்பனையைப் பற்றிக் கண்ணாடியிடம் கேளுங்கள். எனக்கு நல்ல தேர்ச்சி உள்ள விஷயம் ஒன்றே ஒன்றுதான்: பயப்படுவது. அதில் என்னை மிஞ்ச எருத்தேன்பதியிலிருந்து பொள்ளாச்சி வரை அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. ஆகவே என் பயத்தில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் முதலமடையில் ஒரு மாங்காய் மண்டியில் எழுத்துவேலை பார்த்தேன். எந்த லாரியில் எந்தத் தோப்புக் காய் போகிறது என்று சீட்டு எழுதுவது என் வேலை. சீட்டு எழுதிய நேரம் போக நாடகம் எழுதினேன். எங்கள் குழுவில் எல்லாரும் விவசாயிகள். வருஷத்தில் பாதி நாள் சேற்றிலும் பாதி நாள் மேடையிலும் நின்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் நின்றார்கள்.

எங்கள் கதாநாயகன் சின்னச்சாமிக்குக் குரல் தேன். வசனம் மட்டும் நிற்காது. ஒரு நாடகத்தில் அவர் ராஜா. மந்திரி வந்து, எதிரி கோட்டை வாசலில் நிற்கிறான் என்று சொல்லி முடித்ததும், ராஜா பதில் வசனத்தை மறந்துபோய், "அப்பறமுங்க?" என்று கேட்டுவிட்டார். மந்திரிக்கும் அதற்குமேல் தெரியாது. ஆனால் மெட்டோடு ஒரு வரியைக் கொடுத்தால் போதும், சின்னச்சாமி சாகும்வரை மறக்கமாட்டார். அதோடு, ஆரம்பித்த பாட்டை முடிக்காமல் நிறுத்தவும் மாட்டார். ஒருமுறை ஒத்திகையில் பக்கத்துக் களத்து வைக்கோல்போர் பற்றிக்கொண்டது. எல்லாரும் குடத்தோடு ஓட, இவர் சரணத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார்.

அதனால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வசனமே இல்லாத நாடகம். முதல் மணியிலிருந்து கடைசித் திரை வரை எல்லாம் பாட்டு. அதுவும் புராணமில்லை, பேண்ட் போட்ட கதாநாயகன், ரயில், தந்தி, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. டிக்கெட் கொடுக்கிறவர்கூடப் பாடித்தான் டிக்கெட் கொடுப்பார், சில்லறை இல்லை என்பதையும் பாடித்தான் சொல்வார். கதைக்கு எங்கே போவது? எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு பழைய காதல் படத்தை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம், எடுத்தவர்களிடம் நான் கேட்கவில்லை.

கதை இதுதான். சின்ன ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற பையனுக்கும், தினமும் ரயிலில் வந்து போகிற நர்ஸுக்கும் காதல். பையனின் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுகிறாள். கொஞ்ச நாளில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வருகிறது. அப்பா மனம் மாறி, "போ, கூட்டிக்கொண்டு வா" என்கிறார். பையன் மாலை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடுகிறான். ரயில் கூவுகிறது. திரையில் 'சுபம்' விழுகிறது.

எங்கள் ஊர் டென்ட் கொட்டகையில் இந்தப் படத்தை நான் பதினோரு தடவை பார்த்தேன். பதினோரு தடவையும் சுபம்தான். ஊரில் இரண்டு குழந்தைகளுக்கு அந்த நர்ஸின் பெயர் வைத்திருந்தார்கள்.

அடுத்த பிரச்சினை கதாநாயகி. அன்றைக்கு எங்கள் பக்கம் ஊர்ப் பெண்கள் மேடையேற மாட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து நடிகையை வரவழைப்போம். அவர்கள் நாடகத்தன்று மத்தியானம் வந்து, "எந்தக் கதைங்க?" என்று கேட்டு, சாயங்காலம் அழுதுவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விடுவார்கள். முழுப் பாட்டு நாடகத்துக்கு அது ஆகாது. பத்து நாள் ஒத்திகை வேண்டும். கேட்ட நடிகைகள் எல்லாரும் சிரித்தார்கள். கனகமணி மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசீல நான் சாவறனுங்களா?"

"இல்லீங்க. கல்யாணம். மாலை மாத்தறீங்க, திரை விழுது."

"நெசமாவா?"

"பதினொரு தடவ பாத்திருக்கறனுங்க."

அடுத்த பஸ்ஸிலேயே பெட்டியோடு வந்து இறங்கினார். ஒத்திகையில் மற்ற காட்சிகளை ஒருமுறை பாடினால், மாலை மாற்றுகிற காட்சியை மூன்றுமுறை பாடுவார்.

ஒரு நாள் தோப்புப் பார்க்க வந்த ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் எங்கள் ஒத்திகையைக் கேட்டுவிட்டு, முதல் நாடகத்தைத் தன் எஸ்டேட்டில் போடச் சொன்னார். இடுக்கி மலையில், வண்டன்மேட்டுப் பக்கம். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு நாடகம். சாயங்காலமானால் பனிமூட்டத்தில் கதாநாயகன் எது, சவுக்குக் கம்பம் எது என்று தெரியாது என்றார். மாங்காய் லாரியில் சீன் படுதாக்களையும் எங்களையும் ஏற்றினார்கள். முன்சீட்டில் கனகமணியும் அவருடைய அம்மாவும். அம்மா வருவது எனக்குப் புதிய செய்தி. கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி முடிந்தும் அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் கட்டிடத்துக்கு முன்னால் பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். பதினொன்றரை மணிக்கே பெண்கள் வந்து இடம் பிடித்துவிட்டார்கள். நான் டீ குடித்துக்கொண்டே, எழுதியவன் என்ற தோரணையில் அவர்கள் பக்கம் உலாவினேன். பேச்சியம்மாள் என்று ஒரு பெண். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லாரும் அவர் பேச்சைத்தான் கேட்பார்கள் போலிருந்தது. இரண்டு துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு துண்டு எதுக்கும்மா?" என்றேன்.

"ஒண்ணு மேலுக்கு. இன்னொண்ணு அழுகறதுக்குய்யா. அந்தப் படத்தக் கம்பம் கொட்டகையில பாத்தப்பயே முந்தானை நனஞ்சுபோச்சு. ஆமா, அவ சாகையில பாட்டு வச்சிருக்கீகளா?"

"எவ சாகையில?"

"அந்த நர்சுப் பிள்ளதான். அவென் மாலையோட ஓடிப் போயி ஆஸ்பத்திரில நிக்கையில துணியப் போத்திக் கெடத்தியிருப்பாகள்ல? ஏன்யா, நீரு படத்தப் பாக்கவே இல்லையா?"

பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "படம் பாக்காமயே நாடகம் எழுதுறவுகளும் இருக்காக போல" என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நான் நகர்ந்தேன்.

எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. எங்கள் டென்ட் கொட்டகை முதலாளி இளகின மனசுக்காரர் இல்லை, வியாபாரி. அழுதுகொண்டே வீட்டுக்குப் போகிற பெண்கள் மறுநாள் வரமாட்டார்கள் என்று, கடைசிச் சுருளை ஓட்டாமல், வேறு ஏதோ படத்தின் 'சுபத்தை' வெட்டி ஒட்டியிருக்கிறார். எங்கள் ஊர்ப்பக்கம் மொத்தமும் அந்த நர்ஸ் சௌக்கியமாக இருக்கிறாள் என்று வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தது. மலைமேல் எல்லாரும் அவளுக்கு அழுது முடித்துவிட்டார்கள்.

இப்படி ஒரு சமயத்தில் எழுத்தாளன் என்ன செய்ய வேண்டும்? அமைதியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் லாரியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. இருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் இருந்தேன். பிறகு இறங்கி, எங்கள் ஆர்மோனியக்காரரிடம் ஓடினேன்.

அவர் வெற்றிலை மென்றுகொண்டே முழுவதையும் கேட்டார்.

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துதப்பா. மாலைய வாங்கீட்டு ஓடுனவன் எங்க போய்ச் சேந்தான்னு யாருமே காட்டுலியேன்னு."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்னண்ணா?"

"நீதான் பதினொரு தடவ பாத்தவனாச்சே."

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. நர்ஸைக் கொன்றுவிட வேண்டும். சவரம் செய்துகொண்டிருந்த சின்னச்சாமிக்கு ஒரு மணி நேரத்தில் புது மெட்டு ஏறாது. அதனால் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டாக ஆர்மோனியக்காரர் ஒன்றைப் பிடித்தார். மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது பாடுகிற மெட்டு. சின்னச்சாமி சின்ன வயதிலிருந்து கிணற்று மேட்டில் பாடி வளர்ந்தவர். அதற்கு நான் நாலு சரணம் எழுதினேன். "மாலை வாங்கி வந்தேனே மணக்குதடி பூவு, சேலை கட்டி நின்னவளைச் சேர்ந்ததென்ன சாவு." சிரிக்காதீர்கள். அரைமணி நேரத்தில் எழுதியது.

பிறகு கனகமணியிடம் போனேன். அவர் பாதி முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார். சுற்றி வளைத்துச் சொன்னேன். கலை, உண்மை, மக்கள் எதிர்பார்ப்பு என்றெல்லாம் பேசினேன். அவர் கண்ணாடியைவிட்டுத் திரும்பவே இல்லை.

"ஏனுங்க, இந்தப் பன்னெண்டு வருசத்துல நான் எத்தன தடவ செத்திருக்கறன்னு தெரியுங்களா? கெணத்துல உழுந்திருக்கறன். வெசங் குடிச்சிருக்கறன். ரப்பர் பாம்புகிட்டக் கூட கடி வாங்கிச் செத்திருக்கறன். எங்கம்மா ஒருக்கா வந்து பாத்துச்சு. பாடையில என்னையத் தூக்கறத பாத்துப்போட்டு எந்திரிச்சுப் போனதுதான். அப்பறம் எம்பட நாடகத்துப் பக்கமே தல வெச்சுப் படுக்குல. இன்னிக்குக் கல்யாணம்னு சத்தியம் பண்ணித்தான் கூட்டியாந்திருக்கறன். முன்னால நாற்காலீல உக்காந்திருக்குது பாருங்க."

"இந்த ஒரு தடவ மட்டுமுங்க…"

"எல்லாரும் ஒரு தடவன்னுதான் சொல்லுவாங்க. நான் சாகமாட்டேன். அத்தன அவசரம்னா நீங்க போய்ச் சாவுங்க."

நியாயமான யோசனைதான். ஆனால் எனக்குப் பாட வராது.

இங்கேதான் நான் செய்த தப்பு வருகிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கனகமணியிடம், "செரிங்க, கல்யாணமே இருக்கட்டும்" என்றேன். சின்னச்சாமியிடம், "அவ செத்துப்போறா, நீங்க இந்த நாலு சரணத்தையும் பாடுங்க" என்றேன். இரண்டு பேரிடமும் மற்றவரிடம் பேச வேண்டாம் என்றேன். அவர் பாடி முடிக்கிறவரை கனகமணியை ஏதாவது சொல்லிப் மேடையோரத் தட்டி மறைவிலேயே நிறுத்திவிட்டு, திரையைப் போட்டுவிடலாம், பிறகு அவர் காலில் விழுந்துகொள்ளலாம் என்பது என் திட்டம். முன்னால் உட்கார்ந்திருக்கிற முன்னூறு பேருக்குப் பயந்து, கூட வந்த ஒருத்தியை ஏமாற்றுவது. பயந்தவனுக்கு அது திட்டம் மாதிரியே தெரியும். அதுதான் பயத்தின் விசேஷம்.

நாடகம் ஆரம்பித்தது. முதல் பத்து நிமிஷம் கூட்டத்துக்குப் பிடிபடவில்லை. "என்னடி, தந்திக்காரனும் பாடுறான்" என்று ஒரு குரல். பிறகு பழகிப்போனது. கனகமணி மாற்றலாகிப் போகிற பாட்டுக்கு முன்வரிசைப் பெண்கள் கூடவே முனகினார்கள். துண்டுகள் தயாராக இருந்தன. அப்பா மனம் மாறினார். சின்னச்சாமி மாலையோடு மேடையை மூன்றுமுறை சுற்றி ஓடி நடுவில் வந்து நின்றார். ஒத்திகையில் இந்த இடத்தில் கனகமணி இன்னொரு மாலையோடு உள்ளே வர வேண்டும். நான் தட்டி ஓரத்தில் வழியை மறித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க, மாலையில நூல் தொங்குது" என்றேன். என் இன்னொரு கையில் திரைக் கயிறு.

சின்னச்சாமி ஒப்பாரியை ஆரம்பித்தார். கனகமணி என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. அந்தப் பார்வையைப் பற்றி அதற்குமேல் எழுத மாட்டேன். பிறகு தட்டிச் சந்து வழியாக வெளியே பார்த்தார். முன்வரிசையில் அவருடைய அம்மா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மேடைப் பக்கம் திரும்பாமல் ஓரமாக வெளியே நடந்துகொண்டிருந்தார்.

கனகமணி என்னைத் தள்ளிவிட்டு மேடைக்குப் போனார். நல்ல தள்ளு. நான் தட்டியோடு போய்ச் சாய்ந்தேன்.

இப்போது மேடையைக் கற்பனை செய்யுங்கள். நடுவில் சின்னச்சாமி, செத்துப்போன காதலிக்காக உருகிப் பாடுகிறார். அவருக்குப் பின்னால் ஆறடி தூரத்தில், அதே காதலி, பட்டுப்புடவையும் மாலையுமாக நிற்கிறார். சின்னச்சாமி திரும்பினால் தெரிந்துவிடும். ஆனால் அது கிணற்று மேட்டு மெட்டு. மாடு சரிவில் இறங்கும்போது நாலடி முன்னால், மாடு பின்னால் ஏறும்போது நாலடி பின்னால். திரும்புகிற வேலையே அதில் கிடையாது. மனுஷன் பழக்க தோஷத்தில் நாலடி முன்னால் போகிறார், திரும்பாமல் நாலடி பின்னால் வருகிறார், மறுபடி முன்னால் போகிறார். பாட்டையும் முடிக்காமல் நிறுத்தமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னும் மூன்று சரணம் பாக்கி.

ஆர்மோனியக்காரர் என்னைப் பார்த்தார். திரையைப் போடப்போகிறாயா, நான் வாசிக்கட்டுமா என்று அர்த்தம். நான் திரையைப் போடவில்லை. அந்த நிமிஷத்தில் என் துணிச்சலைப் பற்றிப் பிற்பாடு பலபேர் பாராட்டியிருக்கிறார்கள். உங்களிடம் சொல்கிறேன்: கயிறு என் வேட்டியோடு சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் எது முதலில் விழும் என்று எனக்கு நிச்சயமில்லை.

முதல் சரணம் முடிகிற இடைவெளியில் கனகமணி அதே மெட்டில் பதில் எடுத்தார். யாரும் எழுதிக் கொடுக்காத வரி.

"செத்துப்போன பொம்பளையா சேலை கட்டி நிப்பா? சித்தெ நேரம் திரும்பிப் பாரு, செண்டு மாலை வெப்பா!"

சின்னச்சாமி நல்ல பாடகர். இது ஆவி பாடுகிறது, நாடக வாத்தியாரான நான் புதிதாகச் சேர்த்திருக்கிறேன் என்று நினைத்து, இன்னும் உருகி இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டார். நாலடி முன்னால். நாலடி பின்னால். கனகமணி மாலையைத் தூக்கினார். எட்டவில்லை. அவர் மறுபடி முன்னால் போய்விட்டார்.

அப்போது ஒரு சத்தம். பேச்சியம்மாள் எழுந்து நின்றார்.

"ஏலே! திரும்பிப் பாருடா! உசுரோடதான்டா நிக்கிறா!"

அழுவதற்கென்றே துண்டு கொண்டுவந்தவர் அவர். அவரே எழுந்துவிட்டார். அடுத்த வரிசையில் இன்னொரு பெண், "கண்ணு அவிஞ்சா போச்சு? பின்னாடி பாருய்யா!" என்றார். அப்புறம் மைதானம் மொத்தமும் எழுந்துவிட்டது. "திரும்பு! திரும்பு!" வேலை வாங்குகிற கங்காணிகள்கூட விசில் அடித்தார்கள். படம் பார்க்காமல் நாடகம் எழுதியவன் என்று என்னைச் சொன்ன அந்தக் கிழவர் நாற்காலி மேல் ஏறி நின்று, "கூறுகெட்டவனே, திரும்புடா!" என்று கம்பைச் சுழற்றினார். சின்னச்சாமிக்கோ, தன் பாட்டுக்குத்தான் கூட்டம் இப்படிப் பொங்குகிறது என்று நினைப்பு. மூன்றாம் சரணத்தை இன்னும் இழுத்துப் பாடினார்.

அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தவர் ஒரே ஒருத்தர். மைதான ஓரம் வரை போய்விட்ட கனகமணியின் அம்மா. முந்தானையை முகத்திலிருந்து எடுத்தார். மேடையில் மகள் நிற்பதைப் பார்த்தார். அப்படியே வந்த வழியே நடந்து வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மேடைக்குப் பக்கத்தில் நின்றார்.

நாலாம் சரணம் முடிந்தது. சின்னச்சாமி நாலடிக்குமேல் ஓர் அடி கூடப் பின்னால் வைத்துவிட்டார். நேராகக் கனகமணிமேல் மோதினார். மாலை கழுத்தில் விழுந்தது. முதலிலிருந்து கடைசிவரை பாட்டாலேயே ஆன எங்கள் நாடகத்தில் பேசப்பட்ட ஒரே வசனம் அப்போதுதான் வந்தது.

"ஐயோ!" என்றார் சின்னச்சாமி.

மைதானம் அதிர்ந்தது. திரையை யாரோ இழுத்தார்கள். என் வேட்டி தப்பித்தது.

திரைக்குப் பின்னால் நான் கனகமணியிடம் போய், விழ நினைத்தபடியே காலில் விழப் போனேன். "எந்திரிங்க. நேரா வந்து கேட்டிருந்தா ரெண்டு பேரும் உக்காந்து ஒரு வழி கண்டுபுடிச்சிருப்போம். பொய்யச் சொல்லி நிக்க வெச்சீங்க பாருங்க, அதுதான்" என்றார். மீதியை முடிக்காமல் கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீங்கள் மேடையில் ஏறப்போகிறவர்கள். கூட்டத்துக்கு என்ன வேண்டும் என்று உங்களிடம் பலபேர் சொல்வார்கள். கூட்டமே வந்து சொல்லும், பேச்சியம்மாள் என்னிடம் சொன்ன மாதிரி. கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதையே சத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவைப் பார்க்க வந்தவர்கள்தான் அன்றைக்கு அவளைக் காப்பாற்றச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார்கள். கண்ணுக்கு முன்னால் ஒருத்தி உயிரோடு நின்றால் மனுஷர்கள் அப்படித்தான். ஆனால் அவளை அங்கே போய் நிற்கவிட வேண்டும். நான் நிற்கவிடவில்லை, அவளாகத்தான் போய் நின்றாள். இன்றுவரை நல்ல பெயர் எனக்குத்தான். அதனால்தான் இதை உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

ஒப்பனையைக் கலைப்பதற்குள் பெண்கள் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். பேச்சியம்மாள் கனகமணியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கித் திருஷ்டி கழித்தார்.

"ஏந்தாயி, நெசமாவே உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இப்பத்தானுங்கக்கா ஆச்சு. நீங்கதான நடத்தி வெச்சீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கனகமணியின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சின்னச்சாமியை மேலும் கீழும் பார்த்தார். ஊரிலிருந்து கிளம்பியதுமுதல் அந்த அம்மாள் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

"எல்லாஞ் செரி கண்ணு. மாப்பளைக்குத்தான் கண்ணு செரியாத் தெரியாதாட்ட இருக்குது."